இரண்டு பலகைத் தளங்கள்

1

நகரசபையிலிருந்து அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மரியாதையான குரல். என்னுடைய விண்ணப்பத்தில் சின்னப் பிழையொன்று இருக்கிறதென்றாள்.

"வேலைக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்ட இடத்தில் நீங்கள் 'ஓம்' என்று எழுதியிருக்கிறீர்கள்."

நொர்வீஜிய மொழியில் 'ஸ்வார்' என்றால் பதில். 'அன்ஸ்வார்' என்றால் பொறுப்பு. இருபத்தெட்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. கிழவர்களோடு பகல் முழுக்க அவர்களுடைய மொழியில்தான் கதைக்கிறேன். என்றாலும் படிவமொன்றைக் கையில் தந்தால் இன்னும் தடுக்கி விழுகிறேன். பதில் எழுதச் சொல்கிறார்கள் என்று நினைத்து 'ஓம்' என்று எழுதிவிட்டேன்.

மகள் யாழினி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் கையிலிருந்து படிவத்தை வாங்கி, தன் துணைவன் ஏரிக்கின் பெயரை எழுதி அனுப்பிவிட்டாள்.

கேட்டது ஒரு பலகைத் தளத்துக்கான அனுமதி. ஊரிலிருக்கும் உங்களுக்கு இதை எப்படிச் சொல்வது? இங்கே வீடுகளின் பின்பக்கத்தில், கதவைத் திறந்து காலை வைத்தவுடன், நிலத்துக்கு மேலே மரத்தூண்களில் நிற்கும் ஒரு பலகைத் தரை இருக்கும். மழை நகரமான எங்கள் பேர்கனில் வெயில் எட்டிப் பார்த்தால் சனம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அங்கே ஓடிப்போய்க் குந்திவிடும். இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம். எங்கள் வீட்டில் மட்டும் அது இல்லை. என் கணவர் சிவநேசன் இரண்டு மூன்று தடவை கேட்டார். "அடுத்த வருசம் பாப்பம்" என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டேன். இந்த முறை கேட்டது மகள். அவள் இப்போது மாதத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருகிறாள். தளம் இருந்தால் அடிக்கடி வருவாள் என்று நினைத்துச் சம்மதித்தேன்.

ஏரிக் மரவேலை தெரிந்தவன். மூன்று கிழமைகளில் முடித்துவிட்டான். லண்டனிலிருந்து என் தம்பி ரவி விடுமுறைக்கு வந்திருந்தான். புதுப் பலகையில் ஏறி நின்று, காலால் தட்டிப் பார்த்துவிட்டு, யாழினியிடம் சொன்னான்:

"வெள்ளவத்தையில கொம்மாவும் இப்பிடி ஒண்டு அடிப்பிச்சவ. நீ அப்ப ரெண்டு வயசுப் பிள்ளை."

"அப்படியா அம்மா? நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லையே!"

"ஓம், ஒண்டு இருந்தது," என்றேன். தேநீர் போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். கேத்தல் கொதித்து, தானாக நின்று, ஆறியும் போனது. நான் வெளியே வரவில்லை.

2

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யுத்தம் வடக்கில், அதன் பயம் கொழும்பில். சிவநேசன் முன்பே நொர்வேக்கு வந்துவிட்டார். நான் யாழினியோடு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றின் கடைசியில் வாடகைக்கு இருந்தேன். கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்து வேலை. விசாவுக்குக் காத்திருந்த காலம்.

வீடு என்று சொன்னாலும் ஓர் அறையும் குசினியும்தான். முன்வீட்டில் உரிமையாளர் ஹாஜியார், புடவைக்கடைக்காரர், குடும்பத்தோடு இருந்தார். அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரவி வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் ஒரு தமிழ்ப் பெடியனுக்குக் கொழும்பில் அறை தர எவரும் துணியவில்லை. ஒரே அறையில் நான், பிள்ளை, அவன். குசினி வாசலில் பாய் போட்டுப் படுத்தான்.

ஹாஜியார்தான் வழி சொன்னார்.

"பின்னுக்கு நெலம் சும்மாதானே கெடக்குது மகள். பலகையால அடிச்சு மேல தகரம் போட்டுக்கோங்க. கல்லு வெச்சுக் கட்டினா முனிசிப்பல்காரன் வந்து நிப்பான்."

பாமன்கடை மரக்காலையில் பழைய வீடுகளை உடைத்த பலகை வாங்கினேன். மரக்காலைக்காரரே ஆளையும் அனுப்பினார். பெயர் மகேந்திரன். திருகோணமலைப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும்; ஒல்லி; காதில் எப்போதும் ஒரு பென்சில். கொட்டாஞ்சேனையில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தார். கொழும்பில் கைவேலைக்காரர் எல்லோரையும் கூப்பிடுவதுபோல நாங்களும் 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டோம். அவர் என்னைத் 'தங்கச்சி' என்றார்.

முதல் நாளே நான் வாங்கி வைத்த ஆணிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

"இது சரிவராது தங்கச்சி. உப்புக்காத்து ஒரு வருசத்தில திண்டுபோடும். நான் மரத்தில ஆணி சீவி அடிக்கிறன். கொஞ்சம் சுணங்கும். ஆனா நிண்டு பிடிக்கும்."

"ஒரு வருசம் நிண்டாக் காணும் பாஸ். நாங்கள் அதுக்குள்ள போயிடுவம்."

"நீங்கள் போனாலும் ஆரோ படுக்கத்தானே போறான்," என்றார்.

அவர் வேலை செய்யும்போது யாழினி பக்கத்தில் குந்தியிருந்து சுருள் சுருளாக விழும் மரச்சீவலைப் பொறுக்குவாள். அவருக்கும் அவள் வயதில் ஒரு மகள் இருந்தாள். மகளைக் கண்டு ஏழு மாதமென்று ஒருநாள் சொன்னார். அதற்குமேல் தன்னைப் பற்றி அதிகம் கதைக்காத மனிதர்.

3

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, பின்னேரம், நகரத்தில் குண்டு வெடித்தது. வெள்ளவத்தை வரை சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் காலி வீதியில் பஸ்கள் நின்றுவிட்டன. வடக்கே போகும் வீதிகளையெல்லாம் மறித்துவிட்டார்கள் என்று ஹாஜியாரின் மகன் வந்து சொன்னான். பாஸ் உளியும் சீவுளியும் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

"இப்ப கொட்டாஞ்சேனைக்கு எப்பிடிப் போவியள்? வழியில பிடிச்சுப்போடுவாங்கள்," என்றேன்.

"இஞ்ச நிண்டா உங்களுக்குத்தானே கரைச்சல், தங்கச்சி. உங்கட லிஸ்டில என்ர பேர் இல்லையே."

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் பொலிஸ் முத்திரை குத்திய ஒரு படிவம் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களின் பெயர் அதில். பெயரில்லாத ஆள் ஓர் இரவு தங்கினாலும், தங்கினவனையும் பிடிப்பார்கள், தங்க விட்டவரையும் பிடிப்பார்கள். எங்கள் படிவத்தில் மூன்று பெயர்கள். ரவியின் பெயரைச் சேர்த்து இரண்டு கிழமைதான். 'விசாரணை முடியவில்லை' என்று பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள்.

"ஒரு இரவுதானே பாஸ். பலகை அடிச்ச இடத்தில படுங்கோ. விடியப் போகலாம்."

அவர் தயங்கினார். நான்தான் வற்புறுத்தினேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னாளில் எனக்கு நானே இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டபோது, அவராகவே நின்றுவிட்டார் என்பதுபோலச் சொல்லிப் பழகியிருந்தேன். அப்படி இல்லை. நான்தான் நில்லுங்கோ என்றேன். அவர் நின்றார்.

4

காலை ஆறு மணியிருக்கும். ஒழுங்கையை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு வீடு வீடாக வந்தார்கள். எங்கள் கதவுக்கு வந்த அதிகாரி என் வயதுக்காரன். கையில் ஒரு கொப்பி. கத்தவில்லை, தள்ளவில்லை. சிங்களத்தில்தான் கதைத்தான். அலுவலக வேலையால் எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும்.

ரவியை முன்சுவரோடு நிற்கவைத்து அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அந்தப் பென்சில் எழுத்தில் அவன் விரல் நின்றது. யாழினி என் இடுப்பில் இருந்தாள். அவளுடைய இதயம் அடிப்பது என் விலாவில் தெரிந்தது. அல்லது அது என்னுடையதோ தெரியாது.

அதற்குள் பின்பக்கம் போன பொலிஸ்காரன் ஒருவன் வந்து, அங்கே இன்னொருவன் இருப்பதாகச் சொன்னான். இரண்டு கிழமையாக இங்கே வேலை செய்கிறவன் என்றும், நேற்று வீதி மறித்ததால் வீட்டுக்கார நோனா சொல்லி இங்கே படுத்தவன் என்றும் அவன் சொல்கிறானாம்.

அதிகாரி ரவியின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மே கவுத? அந்த ஆள் யார்? நேற்று இரவு இங்கேயா இருந்தான்?"

நான் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஓம் என்றால் என்னைக் கொண்டுபோவார்கள். பிள்ளை? விசா? ரவி? இதெல்லாம் நினைத்தேன் என்றுதான் சொல்ல விருப்பம். உண்மையில் எதையும் நினைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"தன்னே நே," என்றேன். தெரியாது. "வேலைக்கு மரக்காலையால அனுப்பின ஆள். இப்ப காலமைதான் வந்தவர். இரவில எங்கே இருக்கிறாரோ எனக்குத் தெரியாது."

அதிகாரி மகேந்திரனைக் கூட்டிவரச் சொன்னான். அவர் சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்து நின்றார். முகத்தில் பாய் அழுத்திய கோடு. படுத்தெழும்பிய மனிதர் என்பது எவருக்கும் தெரியும்.

"நீ காலையில்தான் வந்தாய் என்று நோனா சொல்கிறா. நீ இரவு இங்கே இருந்ததாகச் சொல்கிறாய். யார் பொய்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் இடுப்பிலிருந்த யாழினியைப் பார்த்தார். பிறகு சுவரோடு நின்ற ரவியை. அவசரமே இல்லாமல், ஒரு பலகையின் நேர் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நோனா சொல்றதுதான் சரி மாத்தையா," என்றார். "நான் காலமைதான் வந்தனான். பயத்தில மாத்திச் சொல்லிப்போட்டன்."

"அப்படியென்றால் நேற்று இரவு எங்கே இருந்தாய்?"

குண்டு வெடித்த இரவு எங்கே இருந்தான் என்று சொல்லத் தெரியாத ஒரு திருகோணமலைத் தமிழன். அதிகாரி ரவியின் அட்டையை அவனிடமே திருப்பிக் கொடுத்தான். கொண்டுபோக அவர்களுக்கு அன்றைக்கு ஒருவர் போதும்போல.

வாசலைத் தாண்டும்போது மகேந்திரன் தமிழில் சொன்னார்: "சீவுளியை உள்ள எடுத்து வையுங்கோ தங்கச்சி. காத்துக்குத் துருப்பிடிச்சிடும்."

5

நான் பொலிஸ் நிலையத்துக்குப் போகவில்லை. ஹாஜியார் தனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் விசாரித்தார். வேறெங்கோ மாற்றிவிட்டார்களாம். "பாவம் அந்த மனுசன். நீங்க ஒண்டும் பேசப் போகாதீங்க மகள், புள்ளையோட இருக்கிறீங்க," என்றார். அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

எட்டு நாள் கழித்து மகேந்திரனின் மனைவி வந்தா. பெயர் புஷ்பம். கையில் அவர் பிடிபடுமுன் எழுதிய கடிதம். அதில் என் விலாசம். பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு, கொழும்பில் பத்து நாள் தங்கப் பொலிஸில் பதிந்துகொண்டு வந்திருந்தா. குசினியில் இருத்தித் தேநீர் கொடுத்தேன். சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். நான் சொன்ன சொல்லை மட்டும் சொல்லவில்லை.

அவவோடு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போனேன். சாப்பாட்டுக் கடையொன்றின் மேல்மாடியில் ஒரு சட்டத்தரணி, வயதானவர். கீழேயிருந்து பொரிக்கிற எண்ணெய் மணம் அறை முழுக்க. கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"குண்டு வெடிச்ச இரவு ஆள் எங்க இருந்தது? அதுதான் முக்கியம். அதுக்குப் பதிலில்லாமல்தான் உள்ளுக்கு வைச்சிருக்கிறாங்கள்."

புஷ்பம் என்னைப் பார்த்தா. நான் சொன்னேன்: "எங்கட வீட்டில."

"பொலிஸிட்ட அப்பிடிச் சொன்னீங்களோ?"

"இல்லை. காலமைதான் வந்தவர் எண்டு சொன்னனான்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். புஷ்பம் கையிலிருந்த கைலேஞ்சியை மடித்தா, விரித்தா, திரும்ப மடித்தா.

"சரி," என்றார் சட்டத்தரணி. "நடந்ததை நடந்தபடி ஒரு சத்தியக்கடதாசி முடிச்சுத் தாங்கோ. உங்களுக்குக் கரைச்சல் வரலாம், நான் மறைக்கேல்லை. ஆனா அந்த மனுசனுக்கு வேற சாட்சி இல்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து கையெழுத்து வையுங்கோ."

படியிறங்கும்போது புஷ்பம் என் கையைப் பிடித்தா. நான் பொய் சொன்னதைத் தெரிந்துகொண்டபிறகு பிடித்த கை அது.

"வருவியள்தானே தங்கச்சி?"

"கட்டாயம் வருவன் அக்கா."

புதன்கிழமை தூதரகத்திலிருந்து விசா கிடைத்துவிட்டதென்று சொன்னார்கள். ஹாஜியார் வீட்டுத் தொலைபேசியில் சிவநேசன் கதைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரைச்சலுக்கு மேலாக அவர் சத்தமாகச் சொன்னார்:

"ஒண்டிலயும் கையெழுத்து வைக்காத வதனா. எயார்போட்டில உன்ர பேர் அடிபட்டா முடிஞ்சுது. இஞ்ச வந்தாப் பிறகு எழுதி அனுப்பலாம்."

அது அவர் சொன்னது. நான் கேட்டேன். அவரில் பழி போட இதை எழுதவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் கையெழுத்து வைக்கப் போயிருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் யாழினியின் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஏறிவிட்டோம். ரவி ஹாஜியாரின் சொந்தக்காரர் வீட்டுக்கு மாறி, இரண்டு வருடம் கழித்து லண்டன் போய்ச் சேர்ந்தான்.

வந்தபிறகு எழுதி அனுப்பவில்லை. முதல் மாதம் குளிர். பிறகு மொழி வகுப்பு. பிறகு மீன் தொழிற்சாலையில் வேலை. பிறகு இவ்வளவு காலம் கழித்து எழுதி என்ன என்ற நினைப்பு வந்தது. அது வந்தபிறகு சுலபமாகிவிட்டது.

6

ரவி லண்டன் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாழினி தனியாக வந்தாள். ஏரிக் வரவில்லை. புதுத் தளத்தில் இரண்டு கதிரை போட்டு என்னைக் கூப்பிட்டாள். மாமா பாதிதான் சொன்னார், மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள் என்றாள்.

அவளுக்குச் சுற்றிவளைப்பு என்ற சொல் தெரியாது. நொர்வீஜிய மொழியில் அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது. காலையில் பொலிஸ் வீட்டுக்கு வந்தார்கள் என்று அந்த மொழியில் சொன்னேன். நான் போட்ட சொல் விருந்தாளி வருவதற்குச் சொல்லும் சொல். என் வாயிலிருந்து வந்தபோதே அது அசிங்கமாக இருந்தது. மிச்சத்தைத் தமிழில் சொன்னேன். விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னதால் எதையும் தாண்டிப் போக முடியவில்லை.

முடிந்ததும் தன் மொழியில், "நீங்கள் பொய் சொன்னீர்கள்," என்றாள். கோபத்தில் கேட்ட கேள்வியல்ல அது. ஒரு சொல்லை அகராதியில் சரிபார்ப்பதுபோல இருந்தது. பிறகு தமிழில்:

"அவை உயிரோட இருக்கினமா? நீங்கள் தேடினீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன். சிவநேசன் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறக்கவில்லை.

யாழினியே ரவியைத் தொலைபேசியில் பிடித்து விசாரிக்கச் சொன்னாள். ரவியோடு படித்த ஒருவர் திருகோணமலையில் ஆசிரியராக இருந்தார். அவர் இரண்டு கிழமை விசாரித்து ஒரு தொலைபேசி இலக்கத்தை அனுப்பினார். அதோடு ஒரு வரி: ஆள் இப்போது இல்லை, மனைவி இருக்கிறா.

மூன்று நாள் அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் வேலையிலிருந்து வந்து, சப்பாத்தும் கழற்றாமல், தொலைபேசி எடுத்தேன்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"அக்கா, நான் வதனா. முந்தி வெள்ளவத்தையில இருந்த வதனா. உங்கட அவர் எங்கட வீட்டில பலகை வேலை செய்தவர்."

அந்தப் பக்கத்தில் கோழியொன்று கொக்கரித்தது. யாரோ குடத்தை வைக்கும் சத்தம்.

"வதனாத் தங்கச்சியோ?" என்றா. குரல் கிழவியாகிவிட்டிருந்தது. "எங்க இருந்து கதைக்கிறியள்?"

சொன்னேன். அவரை எப்போது விட்டார்கள் என்று கேட்டேன்.

"நாலு வருசத்தால விட்டவங்கள். வழக்கும் இல்லை, ஒண்டும் இல்லை. ஒருநாள் கூப்பிட்டுப் போ எண்டாங்களாம். வலது கை விரல் மடங்காது. உளி பிடிக்கேலாது. படலையடியில சின்னக் கடை வைச்சு இருந்தவர். போன வருசத்துக்கு முந்தின வருசம் சலரோகத்தில போயிட்டார். மகளைக் கட்டிக்குடுத்திட்டுத்தான் போனவர்."

"அக்கா, நான் அண்டைக்கு..."

"பொறுங்கோ, நான் ஒண்டு கேக்கவேணும்," என்றா. "அந்த வெள்ளிக்கிழமை நான் பின்னேரம் அஞ்சு மணி மட்டும் புதுக்கடையில இருந்தனான். நீங்கள் வரேல்லை. சனிக்கிழமையோட எனக்குப் பதிவு முடியுது, வெள்ளவத்தைக்கு வந்து பாக்கவும் பயம். உங்களையும் பிடிச்சுப்போட்டாங்கள் எண்டுதான் நினைச்சன். எங்களுக்காகக் கையெழுத்து வைக்க வெளிக்கிட்டு, வழியில பிடிபட்டுட்டா எண்டு. எனக்கு மனம் கிடந்து அடிச்சுது. சின்னப் பிள்ளைக்காரி எல்லே. அவர் வந்தாப் பிறகு அவரிட்டயும் அப்பிடித்தான் சொன்னனான். அவரும் அதைத்தான் நம்பினவர். ஒவ்வொரு வருசமும் கோயிலில தன்ர பேருக்குச் செய்யேக்க உங்கட பேருக்கும் ஒரு அர்ச்சனை செய்விப்பார். நட்சத்திரம் தெரியாது, பேரை மட்டும் சொல்லுவார்."

பிறகு, குறை சொல்லும் குரலில் அல்ல, உண்மையாகவே அறிய விரும்பும் குரலில் கேட்டா:

"அப்ப அண்டைக்கு உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையோ, தங்கச்சி?"

"இல்லை அக்கா," என்றேன். "எனக்கு ஒண்டும் நடக்கேல்லை."